இலைப் பரப்பைக் கட்டளை வரியினால் அளத்தல்

வயலிலிருந்து கொணர்ந்த நூறு இலைகளின் பரப்பைக் காண்பது முன்னாளில் மிகவும் சலிப்பூட்டும் வேலை. கட்டத்தாளில் இலையின் வடிவை வரைந்து, உள்ளே அடங்கிய சதுரங்களை எண்ணவேண்டும். இப்பொழுது இலைகளை ஸ்கேனரில் இட்டுப் படமாக்கிக் கணிப்பொறியால் அளக்கலாம். ஆயினும் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கையால் அளப்பவர் ஐம்பதாவது இலையை முதல் இலையைப் போலவே அளந்தார் என்பதற்கு உறுதியில்லை.

இக்குறையைப் போக்க உதவுவது இமேஜ்-ஜே என்னும் இலவச மென்பொருள். அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்களைச் சேர்ந்த வேய்ன் ராஸ்பாண்ட் 1997-ல் இதனைத் தொடங்கினார். வேண்டிய புதிய கருவிகளை 'பிளகின்' என்ற துணை நிரல்களாக யாரும் இதில் சேர்க்கலாம். அத்தகைய பலவற்றை ஒருங்கே கொண்ட தொகுப்பே ஃபிஜி.

செய்யவேண்டிய படிகளை 'மாக்ரோ' என்னும் சிறு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். படத்தைத் திறத்தல், நீல நிறப் பகுதியை மட்டும் பிரித்தல், இலையையும் தாளையும் வேறுபடுத்தும் வரம்பை இடுதல், தூசியை நீக்கிப் பரப்பை எண்ணுதல், விடையை அட்டவணையாகச் சேமித்தல் என்பன அப்படிகள். நீல நிறத்தைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பச்சை இலையும் பழுத்த மஞ்சள் இலையும் நீல ஒளியை உறிஞ்சிவிடுகின்றன. வெண்தாள் அதனைத் திருப்பியனுப்புகிறது. சாம்பல் நிறப் படத்திலோ பழுத்த இலை தாளோடு கலந்துபோகக்கூடும்.

மாக்ரோ ஆயத்தமானபின், கட்டளைச் சாளரத்தில் ஃபிஜியின் பெயரை எழுதி, ஓர் இடம் விட்டு, இரு சிறு கோடுகளுடன் 'ஹெட்லெஸ்' என்றும், பின்னர் ஒரு கோட்டுடன் 'மாக்ரோ' என்றும், அதனையடுத்து மாக்ரோ கோப்பின் பெயரையும் படங்கள் உள்ள கோப்புறையின் முழுப் பாதையையும் ஆங்கில எழுத்துகளில் தரவேண்டும். பாதையில் இடைவெளி இருப்பின் அதனை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்தல் அவசியம். மாக்ரோவினுள் 'பாட்ச் மோட்' என்று எழுதிவிட்டால் போதுமெனப் பலர் கருதுகின்றனர். அது படச் சாளரங்களை மறைப்பதேயன்றித் திரையின் தேவையை ஒழிப்பதில்லை. திரையற்ற கணிப்பொறிக்கு 'ஹெட்லெஸ்' இன்றியமையாதது. பயனரிடம் வினா எழுப்பும் பெட்டிகள் அம்முறையில் இயங்கா. ஆதலால் எல்லா அளவுகளும் மாக்ரோவிலேயே இருக்கவேண்டும்.

பெரும் பிழை அளவுகோலில் நேர்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 13,950 புள்ளிகள் அடங்கும். 200 வீதமெனில் 6,200 மட்டுமே. இவ்விரு வகைப் படங்களும் கலந்து, எல்லாம் 300 என்றே மாக்ரோ கொள்ளுமாயின், 45 சதுர சென்டிமீட்டர் இலை 20 எனப் பதிவாகும். கணிப்பொறி எச்சரிக்கை எதுவும் தராது. இலை வைக்கப்படாத வெற்றுத்தாளிலும், 1979-ல் வெளியான ஒட்சு முறை போன்ற தானியங்கி வரம்பு ஏதோ ஒரு கோட்டைப் போட்டுவிடும்.

ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கறுப்புக் காகிதச் சதுரத்தையும் ஒரு வெற்றுத்தாளையும் சேர்த்து ஸ்கேன் செய்க. அட்டவணையில் முன்னது 25-க்கு மிக அண்மையிலும், பின்னது சுழியாகவும் வராவிடில், அத்தொகுதியின் எண்களைப் பதிவேட்டில் ஏற்றுதல் கூடாது.