அலைக் கணிப்பும் அலைச்சறுக்கு வீரர்களின் துயர் துடைப்புப் பணியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

அலைச்சறுக்கு என்பது ஒரு பலகையின் மீது நின்றுகொண்டு, கரையை நோக்கி உடைந்து வரும் அலையின் சரிவில் வழுக்கிச் செல்லும் விளையாட்டு. நம் மாநிலத்தில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவ இளைஞர்கள் இதில் பெயர் பெற்றுள்ளனர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஒரு சர்வதேசப் போட்டியே நடந்தது. 'வேலையற்றவர் விளையாட்டு' என்று இதைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் இவ்விளையாட்டுக்காரர்கள் அலையை முன்கூட்டியே கணிக்கும் கலையில் மிகத் தேர்ந்தவர்கள். இந்துமாக்கடலின் மறுகரையில் பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்தபோது, அரசின் கப்பல்கள் சேருமுன் சில தீவுகளை எட்டியவர்களும் இவர்களே. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலை எங்கிருந்து வருகிறது?

கரையில் நின்று பார்ப்பவருக்கு அலை அங்கேயே எழுவதுபோல் தோன்றும். உண்மையில் பெரும்பாலான பெரிய அலைகள் வேறோர் இடத்துக் காற்று பெற்ற பிள்ளைகள். தெற்கே 40 முதல் 60 பாகை வரையுள்ள அட்சரேகைகளில், நிலத்தின் தடையின்றிப் புயற்காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. அக்காற்று நீரின் மேல் நாட்கணக்கில் தேய்த்துச் செல்லும்போது அலைகள் வளர்கின்றன. பிறந்த இடத்தைவிட்டு வெளியேறிய பின் அவை ஒழுங்குபட்டு, நீண்டு, தட்டையாகி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. ஆங்கிலத்தில் இதை 'ஸ்வெல்' என்பர். இக்கட்டுரையில் 'நெட்டலை' என்றே குறிப்பிடுகிறேன்.

நம் பாடத்தில் ஒளியின் நிறப்பிரிகையைப் படிக்கிறோம். முப்பட்டகம் வெள்ளொளியை நிறங்களாகப் பிரிப்பதுபோல் ஆழ்கடல் அலைகளைப் பிரிக்கிறது. ஆழ்கடலில் ஓர் அலைத்தொகுதியின் வேகம் அதன் அலைவு நேரத்தைப் பொறுத்தது. புவியீர்ப்பு முடுக்கத்தை அலைவு நேரத்தால் பெருக்கி, பையின் நான்கு மடங்கால் வகுத்தால் அவ்வேகம் கிடைக்கும். 16 வினாடி அலைக்கு இது நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். 20 வினாடி அலைக்கு மணிக்கு 56 கிலோமீட்டர். 10 வினாடி அலைக்கோ மணிக்கு 28 கிலோமீட்டர்தான். ஆகவே ஒரே புயலில் பிறந்தாலும் நீண்ட அலை முதலில் வந்து கதவைத் தட்டும். 6400 கிலோமீட்டர் தூரத்தில் 20 வினாடி அலைக்கும் 16 வினாடி அலைக்கும் ஏறக்குறைய 28 மணி நேரம் இடைவெளி ஏற்படும். இந்த இடைவெளியை அளந்தால், புயல் எத்தனை தூரத்தில் இருந்தது என்பதைக் கரையில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடலாம்.

இதை அப்படியே செய்து காட்டியவர் வால்டர் மங்க் என்னும் கடலியல் அறிஞர் (1917–2019). இரண்டாம் உலகப் போரின்போது ஐந்தடிக்கு மேல் அலை எழுந்தால் வீரர்களை இறக்கும் படகுகள் புரண்டன. எனவே அவரும் அவருடைய ஆசிரியர் ஸ்வெர்ட்ரப்பும் காற்றின் வேகம், அது வீசிய நேரம், வீசிய தூரம் ஆகிய மூன்றிலிருந்து அலையின் உயரத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தனர். 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டித் தரையிறக்கத்துக்கும் இம்முறையிலேயே அலை கணிக்கப்பட்டது. இன்று வானிலை அறிக்கைகளில் வரும் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' என்ற சொற்றொடரும் இவ்வாராய்ச்சியின் குழந்தையே. எல்லா அலைகளிலும் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. அறிக்கையில் 2 மீட்டர் என்றிருந்தால் அதைவிடப் பெரிய அலை வராது என்று பொருளல்ல. வரும் என்றே பொருள். போருக்குப் பின் மெக்சிகோவுக்கு அப்பாலுள்ள குவாடலூப்பே தீவில் கருவிகளை வைத்து, அங்கு வந்த மெல்லிய அலைகள் இந்துமாக்கடலில் பிறந்தவை என்று மங்க் கண்டறிந்தார். 1963-இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் முழுவதும் நிலையங்கள் அமைத்து அலைகளைப் பின்தொடர்ந்தார். சும்மா கரையில் உட்கார்ந்து பார்க்கும் அலைக்குள் இத்தனை வரலாறு உள்ளது.

போருக்காகப் பிறந்த விஞ்ஞானத்தை விளையாட்டுக்காகக் கையிலெடுத்தவர்களுள் முதன்மையானவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஷான் காலின்ஸ் (1952–2011). இவர் பெரிய பட்டம் பெற்ற வானிலை அறிஞர் அல்லர். சிற்றலை வானொலி வழியே வரும் வானிலைப் படங்களைத் தாமே பெற்று, எந்தப் புயலுக்கு எந்தக் கரையில் எந்த நாளில் அலை வந்தது என்று குறித்து வைத்துக் கற்றுக்கொண்டவர். 1985 முதல் தொலைபேசியில் கட்டணம் செலுத்தி அவருடைய அலைக் கணிப்பைக் கேட்கலாம் என்ற நிலை வந்தது.

ஊருக்கு ஊர் கணக்கு வேறு

ஆழ்கடலில் அலை என்ன என்பது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி உள்ளூர்க் கணக்கு. நெட்டலை வரும் திசையில் ஒரு தீவோ முனையோ இருந்தால் அதன் நிழலில் கடல் குளமாய்க் கிடக்கும். இரண்டு மைல் தள்ளியுள்ள துறையில் படகு இறக்க முடியாது. கடலடித்தளத்தின் வடிவம் அதைவிட முக்கியம். அலைநீளத்தில் பாதிக்கும் குறைந்த ஆழத்துக்கு வந்ததும் அலை தரையை உணரத் தொடங்குகிறது. 8 வினாடி அலையின் நீளம் 100 மீட்டர். அது 50 மீட்டர் ஆழத்தில்தான் தரையை உணரும். 16 வினாடி அலையின் நீளம் 400 மீட்டர்; அது 200 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்து, வளைந்து, பார்களின் மேல் குவியும். ஆகவே 'ஒன்றரை மீட்டர் அலை' என்று மட்டும் சொல்வது, பெயரைச் சொல்லி ஊரைச் சொல்லாதது போன்றது. உயரம் ஒன்றாயிருக்க அலைவு நேரம் இரு மடங்கானால், கரையில் நீர் ஏறும் உயரமும் ஏறத்தாழ இரு மடங்காகும். இவற்றோடு ஏற்றவற்றமும் கரைக்காற்றும் சேரும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தை குமரிக்கரையில் வள்ளத்தில் போகிறவர். மலைமுகடுகளை அடையாளம் வைத்துக் கணியம் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பார் எங்கிருக்கிறது என்று அவர் சொல்வார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றையும், நீவாட்டையும் பார்த்துத்தான் வலை எடுப்பார். வானொலியில் மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண்ணாக அலை உயரம் சொல்லும்போது, "இது எந்தத் துறைக்குடா மக்கா?" என்று கேட்பார். அது அறியாமையால் எழும் கேள்வி என்று முதலில் எண்ணுவோர் உண்டு. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால், காலின்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வியும் இதுவே என்பது விளங்கும்.

மென்தாவாய்த் தீவுகள்

சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் மென்தாவாய், நியாஸ், சிமெலுவே முதலிய தீவுகள் வரிசையாக உள்ளன. தென்கடலின் நெட்டலைகள் தடையின்றி வந்து இவற்றின் பவளப் பார்களில் உடைகின்றன. நியாஸின் லாகுண்ட்ரி விரிகுடாவை அலைச்சறுக்கு வீரர்கள் 1975-இல் கண்டனர். பின்னர் பாடாங் துறைமுகத்திலிருந்து வாடகைப் படகுகள் ஆண்டுதோறும் அவர்களை ஏற்றிச் சென்றன. பணம் படைத்த வெளிநாட்டார் படகில் உண்டு உறங்கி, அலையில் விளையாடித் திரும்பினர். கரையில் இருந்த கிராமங்களைப் பலர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1999-இல் அப்படி விளையாட வந்த நியூசிலாந்து மருத்துவர் டேவ் ஜென்கின்ஸ் ஒரு கிராமத்துக்குள் நடந்து சென்றார். மலேரியாவாலும் எளிதில் தடுக்கக்கூடிய பிற நோய்களாலும் குழந்தைகள் இறப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே 'சர்ஃப்எய்ட்' என்ற அமைப்பைத் தொடங்கி, கொசுவலை, தாய்சேய் நலம் ஆகிய பணிகளில் இறங்கினார். பேரழிவு வந்தபோது ஓடி உதவ முடிந்ததற்கு அடிப்படை இதுவே. ஊரும் பேச்சும் ஆட்களும் முன்பே பழக்கமாயிருந்தன.

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நம்மவர் யாரும் மறக்க இயலாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் மாண்டனர். அதே சுமத்ராவில் மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28-இல், நியாஸ் தீவை மற்றொரு பெரும் பூகம்பம் உலுக்கியது. இவ்விரு அழிவுகளின்போதும் அலைச்சறுக்கு வாடகைப் படகுகள் உணவும் மருந்தும் மருத்துவரும் ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் புறப்பட்டன. துறைமுக மேடைகள் உடைந்து கிடந்தன. பெரிய கப்பல் அணுகமுடியாத குடாக்கள் பல. எந்தப் பாரின் இடைவெளியில் நுழையலாம், இன்றைய அலைக்கு எங்கே நங்கூரம் போடலாம் என்பது அப்படகோட்டிகளுக்கு மனப்பாடம். விளையாட்டுக்காகத் தேடிய அறிவு அரிசி மூட்டை இறக்கப் பயன்பட்டது. பெரும்பணி அரசாலும் படைகளாலும் பெரிய நிறுவனங்களாலும் நடந்தது என்பது உண்மை. ஆயினும் முதல் சில நாட்களின் மதிப்பு வேறு. அந்தப் பூகம்பத்தில் லாகுண்ட்ரியின் பவளப்பார் மேலே உயர்ந்துவிட்டது. அலை உடையும் விதமே மாறி, பழைய உள்ளூர்க் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

2009 செப்டம்பர் 30-இல் பாடாங் நகரைப் பூகம்பம் தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, முன்னாள் தொழில்முறை வீரர் ஜான் ரோஸ் அக்கரைக்கு அப்பால் படகில் இருந்தார். அவரிடம் 10 நீர்வடிகட்டிகள் இருந்தன. அவற்றை நகருக்குள் கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னர் அதையே ஓர் இயக்கமாக்கினார்.

ஆழிப்பேரலைக்கு இக்கணிப்பு உதவுமா?

உதவாது. இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நெட்டலையைக் காற்று பெறுகிறது. ஆழிப்பேரலையைக் கடலடிப் பெயர்ச்சி பெறுகிறது. அதன் அலைவு நேரம் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி வரை. 4000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். காற்று வரைபடத்தில் அதற்கு ஒரு தடயமும் இராது.

சிமெலுவே தீவில் 1907-இல் ஒரு பேரலை வந்தது. அதன் நினைவை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். பூமி வலுவாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அதன் பொருள். 2004-இல் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் ஏழு பேர் என்பர். ஆனால் 2010 அக்டோபர் 25 இரவு மென்தாவாயில் வந்த பூகம்பம் மெல்ல நடுங்கியது. 'இது சிறிது' என்றெண்ணிப் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். பேரலை 400-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அங்கு நங்கூரமிட்டிருந்த ஒரு வாடகைப் படகின் மீது மற்றொன்று மோத, அது தீப்பற்றியது. அதில் இருந்தோர் உயிர் தப்பினர். அடுத்து வந்த நாட்களில் கடல் கொந்தளித்ததால் உதவிப் படகுகள் பாகாய்த் தீவுகளைச் சேரவே பெரும்பாடு பட்டன. அத்தகைய நேரத்தில் எந்தக் குடாவில் இறங்கலாம் என்பதைச் சொல்ல அலைக் கணிப்பு உதவக்கூடும். பேரலையை அது முன்னறிவிக்காவிட்டாலும், பேரலைக்குப் பின் படகை எப்போது விடலாம் என்று சொல்லும்.

நம் கரையில்

தென்கடல் நெட்டலைகள் சுமத்ராவோடு நிற்பதில்லை. காற்றில்லாத தெளிந்த நாளில் திடீரெனக் கரையேறும் கடலைக் கேரளத்தார் 'கள்ளக்கடல்' என்பர். திருடனைப்போல் சொல்லாமல் வருவதால் அப்பெயர். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2020 முதல் இதற்கெனத் தனி முன்னறிவிப்பு தருகிறது.

2024 ஏப்ரல் 28 அளவில் தென் இந்துமாக்கடலில் பேரலைகள் எழுந்தன. அட்சரேகை 50 பாகை தெற்கிலிருந்து 8 பாகை வடக்கு வரை 58 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டராக ஏறக்குறைய 6400 கிலோமீட்டர். 16 வினாடி அலை நாளொன்றுக்கு 1080 கிலோமீட்டர் போகும். வகுத்தால் ஆறு நாள். மே 4-இல் அது கரை சேர வேண்டும், சேர்ந்தது. எச்சரிக்கையும் முன்பே வெளியாகியிருந்தது. மே 6-ஆம் நாள் குமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரைக்கு வந்த ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. ஏறக்குறைய நம் வயதுக்காரர்கள். கணக்கு சரியாக இருந்தது. அந்த எண்ணின் பொருள் அந்த மணலில் நின்றவர்களைச் சேரவில்லை.

எனவே கடற்கரைக்குப் போகும் நண்பர்களுக்குச் செய்முறைக் குறிப்பு ஒன்று. கரையில் உலர்ந்த இடத்தில் நின்று, அலை உடையும் ஓரிடத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து பதினொரு அலைகள் அவ்விடத்தில் உடையும்வரை கடிகாரத்தைப் பார்த்து, முதல் அலைக்கும் கடைசி அலைக்கும் இடைப்பட்ட வினாடிகளைப் பத்தால் வகுக்க வேண்டும். எட்டு, ஒன்பது என்று வந்தால் அருகிலுள்ள காற்றின் அலை. காற்றே இல்லாத நாளில் பதினைந்துக்கு மேல் வந்தால் அது தென்கடலிலிருந்து வந்த விருந்தாளி. சில நிமிடங்கள் அமைதியாக இருந்துவிட்டுப் பெரிய அலைகள் கூட்டமாக வரும் இயல்பு அதற்கு உண்டு. அந்த அமைதியை நம்பி இறங்கலாகாது. இந்த எண்ணை நாள்தோறும் குறித்து, முன்னறிவிப்பில் தரும் அலைவு நேரத்தோடு ஒப்பிட்டு வருகிறேன். எங்கள் துறைக்கு என்ன வித்தியாசம் வருகிறது என்று ஓராண்டுக் குறிப்பு சேர்ந்தபின் தெரியும். என் தந்தையும் நாள்தோறும் மாலையில், "இண்ணைக்கு எத்தனை வினாடி?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்.