சுங்கை பூலோ கற்பிக்கும் ஆய்வுப் பாடம்

ஆய்வேடு எழுதத் தொடங்கும் நம் மாணவர்கள் பலர் முதலில் தேடுவது தலைப்பை. தலைப்புக் கிடைத்ததும் அதற்கேற்பத் தரவுகளைத் திரட்டுகின்றனர். அத்தரவுகளுக்கு வேறு விளக்கமும் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. இக்குறையைக் களைய உதவும் சான்று ஒன்று நம் அருகிலேயே, சுங்கை பூலோவில் உண்டு.

அங்குள்ள தொழுநோயாளர் குடியிருப்பு 1930-இல் திறக்கப்பட்டது. தமிழர், சீனர், மலாய்க்காரர் எனப் பல இனத்தாரும் குடும்பத்தைப் பிரிந்து அங்கு வாழ நேர்ந்தது. பின்னர் வந்த டாப்சோன் மாத்திரை அவர்களுக்கு நம்பிக்கையூட்டியது. எனினும், ஆண்டுக்கணக்கில் அம்மருந்தைப் பெற்றுவந்த சிலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டியது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, நோயாளி மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. மற்றொன்று, கிருமி மருந்தை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. முன்னது உண்மையானால் பழி நோயாளியைச் சாரும். பின்னது உண்மையானால் சிகிச்சை முறையையே மாற்றியாக வேண்டும்.

சுங்கை பூலோவில் பணியாற்றிய மருத்துவர் பெட்டிட்டும் லண்டன் ஆய்வாளர் ரீஸும் இவ்விரண்டையும் பிரித்தறிய முனைந்தனர். முதற்படியாக, நோயாளிகளுக்கு நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரப்பட்டது. அப்படியும் குணம் தெரியாதவர்களைப் பொறுத்தவரை முதல் விளக்கம் விலகியது.

அடுத்து, கிருமியையே சோதிக்க வேண்டியிருந்தது. தொழுநோய்க் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இயலாது. ஆனால், எலியின் பாதத்தில் அது பெருகும் என்பதை 1960-இல் அமெரிக்க அறிஞர் ஷெப்பர்ட் காட்டியிருந்தார். ஆகவே, நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை எலிகளின் பாதத்தில் செலுத்தி, டாப்சோன் கலந்த உணவை அவற்றுக்குக் கொடுத்தனர். சாதாரணக் கிருமியை அடக்கிவிடும் அம்மருந்தையும் மீறி இக்கிருமி பெருகியது. டாப்சோன் எதிர்ப்பு 1964-இல் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. ஒரே மருந்தை நம்பியிருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

தமிழாய்வுக்கும் இம்முறை பொருந்தும். ‘தோட்டப்புற மாணவர்கள் வாசிப்பில் பின்தங்குகின்றனர்’ என்று வினாநிரல் காட்டுவதாகக் கொள்வோம். ஆர்வக் குறைவே காரணம் என உடனே எழுதிவிடலாமா? பள்ளியில் போதிய நூல்கள் இல்லாமலும் இருக்கலாம். நூல்கள் நிறைந்த பள்ளியையும் குறைந்த பள்ளியையும் ஒப்பிட்டால்தான் விடை நெருங்கும். அதைச் செய்யாமல் எழுதும் முடிவு, குற்றமற்ற பிள்ளைகள்மேல் பழியாக விழும்.

2007-இல் அக்குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் எழுப்பப்பட்டது. இன்று அங்கு மருத்துவம் பயிலும் மாணவர்கள், அந்நோயாளிகள் தம் உடலால் உலகுக்குத் தந்த அறிவின்மேல் நடக்கின்றனர். ஆய்வேட்டில் ‘தரவு’ என்று நாம் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார். முடிவுரை எழுதுமுன் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.