சிறுவர்க்கேற்ற மின்சார மண்தரை மோட்டார் சைக்கிள்

கரடுமுரடான மண்தரையில் ஓட்டுவதற்கென்றே அமைந்த இலேசான மோட்டார் சைக்கிள்கள் இன்று மின்சார விசையிலும் கிடைக்கின்றன. சிறுவர்க்கு இவற்றைத் தேர்ந்தெடுக்க முற்படுவோர், பெட்ரோல் வண்டிக்கும் இவற்றுக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் உணர்தல் வேண்டும். பெட்ரோல் என்ஜின் குறைந்த சுழற்சியில் வலுவற்றது. சுழற்சி ஏற ஏறவே அதன் முறுக்குவிசை பெருகும். மின்சார மோட்டாரோ நின்ற நிலையிலேயே பெரும் முறுக்குவிசையை அளிக்க வல்லது. எச்சரிக்கும் இரைச்சலும் அதற்கில்லை. வண்டி பாய்ந்த பின்னரே, தான் மிகுதியாகத் திருகிவிட்டதைச் சிறுவன் அறிகிறான். அப்பொழுது உடல் பின்னோக்கிச் சாய்வதால் கைப்பிடி மேலும் திருகப்படுவதும் உண்டு.

ஆதலின், உச்ச வேகத்தைக் கேட்பதைவிட, வேகத்தையும் விசையையும் பெற்றோர் குறைத்து வைக்க இயலுமா என்று கேட்பதே பொருந்தும். ஸ்டாசிக் என்னும் அமெரிக்க நிறுவனம் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கெனக் கொணர்ந்த வண்டியில் மூன்று வேகப் படிகள் உண்டு. கீழ்ப்படியில் வேகம் மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டரே. வேகம் 12 கிலோமீட்டரிலிருந்து 24 ஆக இரட்டித்தால், மோதலின்போது வெளிப்படும் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை நினைவிற்கொள்க. பிரேக்கை அழுத்தியவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்பதையும் கடையிலேயே சோதித்தறிதல் நலம்.

அடுத்தது உயரம். வளரும் பிள்ளைக்குச் சட்டையைச் சற்றுப் பெரிதாகத் தைப்பது நம் வீடுகளின் வழக்கம். வண்டி விஷயத்தில் அச்சிக்கனம் ஆபத்தானது. தொடக்க நிலையில், இருக்கையில் அமர்ந்தபடி இரு பாதங்களும் தரையில் நன்கு ஊன்ற வேண்டும். சாய்ந்த வண்டியைத் தானே நிமிர்த்தவும் இயல வேண்டும். இருக்கையின் உயரத்தை மாற்றத்தக்க வண்டிகளும் உள.

பாட்டரியின் கொள்திறன், வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி வருவது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி எனில் 360 வாட்-மணி. ஈய-அமிலப் பாட்டரி மலிவு, ஆயின் கனம் மிகுதி; மின்னேற்றம் தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் கெட்டுவிடும். லிதியம் பாட்டரி இலேசானது.

பதிவு பெறாத இத்தகைய பந்தய வண்டிகள் பொதுச் சாலைக்குரியன அல்ல. சிறார் மோட்டார் வாகனக் குற்றம் புரிந்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, காப்பாளருக்கோ வண்டியின் உடைமையாளருக்கோ மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வேலியிட்ட தனி நிலமோ பயிற்சிக் களமோ அருகில் இல்லாதோர், வண்டி வாங்குவதை ஒத்திவைத்தலே தகும்.