காரின் சூட்டைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடும் கார், தாம்பரத்தில் இருந்து கிண்டி வரை நெரிசலில் ஊர்ந்தால் மட்டும் சூடாகிறதா? "ரேடியேட்டரை மாற்றணும்" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் ஒரு லேப்டாப் இருந்தால், எஞ்சினில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

ஏன் நெரிசலில் மட்டும்?

எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்ற திரவம், சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டு வருகிறது. அங்கே காற்று பட்டு ஆறுகிறது. கார் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். நின்று நின்று போகும்போது எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டரோடு சேர்ந்திருக்கும் மின்விசிறிதான் காற்றைக் கொடுக்க வேண்டும். ஆகவே நெரிசலில் மட்டும் சூடானால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்விசிறியையும் அதன் ஃப்யூஸ், ரிலேவையும்தான். நெடுஞ்சாலையிலும் சூடானால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும்.

என்னென்ன தேவை?

இன்றைய கார்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்துவதே ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். அதனுடன் பேசுவதற்கு ஓபிடி-2 என்ற 16 பின் சாக்கெட், ஸ்டீயரிங்கின் கீழ்ப் பகுதியில் இருக்கும். அமெரிக்காவில் இது 1996 மாடல்களில் இருந்து கட்டாயம். இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 விதிப்படியான பெட்ரோல், டீசல் கார்களில் இருக்கிறது. அதற்கு முந்தைய பல கார்களிலும் உண்டு.

இதில் செருக இஎல்எம்327 வகை அடாப்டர் ஒன்று வாங்குங்கள். விண்டோஸில் வேலை செய்யும் புளூடூத் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். புட்டி என்ற இலவச புரோகிராமையும் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

இணைக்கும் முறை

1. எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் சரியான கூலன்ட்டை ஊற்றிவிட்டுத்தான் சோதனை செய்ய வேண்டும். கூலன்ட் வற்றிப் போனால் சென்சாரைத் திரவம் தொடாது. எஞ்சின் கொதித்தாலும் குறைந்த எண்ணே வரலாம்.

2. காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால் புகை உயிருக்கே ஆபத்து.

3. அடாப்டரைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். லேப்டாப்பின் புளூடூத் பகுதியில் அடாப்டரை இணையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

4. புளூடூத் செட்டிங்ஸில் காம் போர்ட் பகுதிக்குச் சென்று, அவுட்கோயிங் என்பதற்கு எதிரே உள்ள போர்ட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. புட்டியில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தப் போர்ட்டைக் கொடுத்து ஓப்பன் பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

6. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, 0105 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

திரையில் 41 05 87 என்பது போல ஒரு பதில் வரும். முதல் இரண்டு எண்களும் "நீ கேட்டதற்குப் பதில் இது" என்று சொல்பவை. மூன்றாவதுதான் கூலன்ட்டின் சூடு. ஆனால் அது ஹெக்ஸாடெசிமல் எண். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் நிலைக்கு மாற்றி, ஹெக்ஸில் 87 என்று கொடுத்தால் டெசிமலில் 135 வரும். அதில் 40-ஐக் கழியுங்கள். 95 டிகிரி செல்சியஸ். அவ்வளவுதான்!

எண் என்ன சொல்கிறது?

அரை நிமிடத்துக்கு ஒருமுறை 0105 கொடுத்து, வரும் விடைகளை எழுதிக்கொண்டே வாருங்கள். சூடு மெல்ல ஏறும். ஒரு கட்டத்தில் மின்விசிறி சத்தத்துடன் ஓடத் தொடங்கும். சில டிகிரி இறங்கியதும் நிற்கும். மீண்டும் ஏறும். பல கார்களில் இது 95-க்கும் 105-க்கும் இடையே நடக்கும். இப்படி ஏறி இறங்கினால் எல்லாம் நலம்.

பதில் 96, அதாவது 110 டிகிரி ஆகியும் மின்விசிறி ஓடவில்லையா? எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஆறியபின் ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் மின்விசிறி ஓட வேண்டும். அப்போதும் ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார், ஒயரிங் என்ற வரிசையில் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்யூஸ் மட்டும் போயிருந்தால் செலவு மிகக் குறைவு.

மின்விசிறி ஓடியும் சூடு இறங்கவில்லை என்றால், ரேடியேட்டர் இடுக்குகளில் தூசியும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். வாட்டர் பம்ப்பையும் பார்க்க வேண்டும். பதிலில் 00 என்றே வந்தால் மைனஸ் 40 டிகிரி என்று பொருள். நம் ஊரில் அது நடக்காது. சென்சார் ஒயர் கழன்றிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

கவனம்!

கார் ஓட்டிக்கொண்டே லேப்டாப்பைப் பார்க்காதீர்கள். ஓடும் மின்விசிறி அருகே கை வைக்காதீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் அது திடீரென்று சுற்றலாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. விசில் வந்த பிரஷர் குக்கரை அப்படியே திறப்பது போல அது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

நடுவழியில் சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி காருக்குள் வந்துவிடும். அப்படியும் ஏறினால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும், சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஒரு ஃப்யூஸில் முடிய வேண்டிய வேலை, எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

கார் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்து, மின்விசிறி எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று நோட்பேடில் சேமித்து வையுங்கள். பின்னால் கோளாறு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்ணே உதவும்.