தாங்கித் தாங்கி நடப்பது ஏன்?

நுழையும்முன்

போர்ட் கொச்சிக் கடற்கரையின் ஈர மணலில் பதிந்த காலடிச் சுவடுகளைக் கண்டிருப்பீர்கள். சிலவற்றில் குதிகால் ஆழப் பதிந்திருக்கும். சிலவற்றில் அடிகளின் இடைவெளி சமமாக இராது. நடையைக் கூர்ந்து நோக்கி உடலின் நிலையை அறிவது மருத்துவர்களின் தொன்மையான வழக்கம். அவ்வழக்கத்தை இப்பாடம் விளக்குகிறது.

நடையின் அமைப்பு

ஒரு குதிகால் தரையைத் தொடுவது முதல், அதே குதிகால் மீண்டும் தரையைத் தொடுவது வரை உள்ள இயக்கம் ஒரு நடைச்சுற்று எனப்படும். இதில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் அக்கால் தரையில் ஊன்றியிருக்கும். எஞ்சிய 40 விழுக்காடு நேரம் முன்னோக்கி வீசும். ஒரு கால் வீசும்போது உடலின் எடை முழுவதையும் மற்றொரு கால் சுமக்கிறது. அப்போது இடுப்பு ஒருபுறம் சரியாமல் காப்பவை, ஊன்றிய காலின் பக்கத்து இடுப்புத் தசைகள். அவை வலுவிழந்தால் இடுப்பு எதிர்ப்புறம் தாழும். இதனை 1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் விளக்கினார்.

அவ்வாறு வலுவிழந்தவர், அக்கால் ஊன்றும்போதெல்லாம் தம் உடலை அப்பக்கமாகச் சாய்த்து நடப்பார். காண்போர்க்கு அது தள்ளாட்டமாகத் தோன்றலாம். உண்மையில் அது விழாமல் இருக்க உடல் கண்ட வழியாகும். வேலிப் பகுதியிலுள்ள தோபி கானாவில் ஈரத்துணி நிறைந்த வாளியை ஒரு கையில் தூக்கிச் செல்பவரைப் பாருங்கள். அவர் உடல் மறுபுறம் சாயும். இரண்டும் சமநிலைக்கான சாய்வே. இடுப்பு அல்லது முழங்கால் வலி உள்ளவர் ஊன்றுகோலை வலியற்ற பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும் என்று மருத்துவர் கூறுவதும் இச்சமநிலை கருதியே.

வலி என்னும் காவலன்

காலில் முள் தைத்தவர் அக்காலை நெடுநேரம் ஊன்ற மாட்டார். விரைந்து மறுகாலுக்கு எடையை மாற்றுவார். இதைத் ‘தாங்கித் தாங்கி நடத்தல்’ என்று தமிழில் வழங்குகிறோம். புண்பட்ட காலைத் தாங்கிக் காக்கும் நடை என்பதை அத்தொடரே உணர்த்துகிறது. நம்மை இவ்வாறு நடக்கச் செய்வது வலி. வலியே இல்லையெனில் என்ன நேரும்?

இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் மருத்துவர் பால் பிராண்ட். அவர் 1914ஆம் ஆண்டு தமிழகத்தின் கொல்லிமலையில் பிறந்தவர். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயே சதையை அழுகச் செய்கிறது என்று அக்காலத்தில் பலரும் எண்ணினர். நோயாளிகளின் அன்றாடச் செயல்களைப் பிராண்ட் கூர்ந்து நோக்கினார். நோய் நரம்புகளைத் தாக்குவதால் பாதம் உணர்விழக்கிறது. உணர்வில்லாதவர் புண்பட்ட காலையும் நலமான கால்போலவே ஊன்றி நடக்கிறார். ஒவ்வோர் அடியிலும் புண் ஆழமாகிறது. அவர்கள் தாங்கித் தாங்கி நடக்காததே அவர்களுக்குத் தீங்காயிற்று!

காரணம் தெரிந்ததும் தீர்வுகளும் பிறந்தன. பாதத்தின் அழுத்தத்தைப் பரவச் செய்யும் மென்மையான இரப்பர்க் காலணிகள் வேலூரில் உருவாக்கப்பட்டன. செயலிழந்த தசைக்கு மாற்றாக, நலமான தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவத்தைப் பிராண்டும் உடன் பணியாற்றியோரும் செய்தனர்.

இன்று தொழுநோயை மருந்துகளால் முற்றிலும் குணப்படுத்தலாம். ஆயினும் நீரிழிவு நோய் முதிர்ந்த பலருக்குப் பாத உணர்வு குன்றுகிறது. உங்கள் தாத்தா, பாட்டிக்கு அந்நோய் இருப்பின், நாள்தோறும் அவர்களின் பாதங்களில் புண் உள்ளதா எனப் பார்த்துச் சொல்லுங்கள். அவர்கள் அணியுமுன் காலணிக்குள் கல் கிடக்கிறதா எனத் தடவிப் பாருங்கள். அவர்களின் பாதம் உணராததை உங்கள் கண்ணும் கையும் உணர்த்தட்டும்.

ஒருவர் வேறுவிதமாக நடப்பதைக் கண்டால் நகைப்பவர் உண்டு. அதைப் போல நடித்துக் காட்டுபவரும் உண்டு. நீங்களோ, ‘இவ்வுடல் எதனைக் காக்கிறது?’ என்று எண்ணிப் பாருங்கள்.

சொல்லும் பொருளும்

ஊன்றுதல் – எடை தாங்கும்படி நிலத்தில் அழுந்த வைத்தல்
நாண் – தசையை எலும்புடன் இணைக்கும் கயிறு போன்ற பகுதி
குன்றுதல் – குறைதல்

பயிற்சி

1. நடைச்சுற்று என்பது யாது?
2. ஊன்றுகோலை எந்தப் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்? ஏன்?
3. வலியைக் ‘காவலன்’ என்று கூறுவது பொருந்துமா? காரணம் எழுதுக.
4. ஒரு கையில் நீர் நிறைந்த வாளியைத் தூக்கி நடந்து பார்த்து, உங்கள் உடல் எப்பக்கம் சாய்ந்தது என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக.