பளபளக்கும் தகடும் உளுக்கும் தளமும்

காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறுவீட்டை அமெரிக்கர் டிரெய்லர் என்பர். அவற்றுள் புகழ்பெற்றது ஏர்ஸ்ட்ரீம். 1936இல் வாலி பயம் வெளியிட்ட 'கிளிப்பர்', வானூர்தியின் உடலைப்போல அலுமினியத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் பிணைத்துச் செய்யப்பட்டது.

பழைய வண்டியை வாங்குவோர் தகட்டின் பளபளப்பில் மயங்குவதுண்டு. அலுமினியம் எளிதில் கெடுவதில்லை. கெடுவது ஒட்டுப்பலகைத் தளம். சன்னலோரம் கசியும் மழைநீர் சுவரினுள்ளே இறங்கி, எவர் கண்ணிலும் படாமல் தளத்தின் விளிம்பை உளுக்கச் செய்கிறது. மேற்கூடு அடியிலுள்ள எஃகுச் சட்டத்தோடு முடுக்கப்பட்டிருப்பதோ அவ்விளிம்பில்தான்! தேர்ந்தவர்கள் பின்பக்கப் பம்பரின்மீது ஏறி மிதித்துப் பார்ப்பர். சட்டம் தாழ்ந்தும் கூடு அசையாதிருந்தால் இரண்டும் பிரிந்துவிட்டன என்பது பொருள்.

அந்நிலையில் கூட்டையே தூக்கி நிறுத்தி, சட்டத்தின் துருவை நீக்கிப் புதுத்தளம் இடுவர். பின்னர்த் தகடுகளைப் பிணைக்க இருவர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றழுத்தச் சுத்தியலால் ஆணியை அடிக்க, உள்ளே மற்றவர் அதன் முனையில் எஃகுக்கட்டியை அழுத்திப் பிடிக்கிறார். ஒருவர் கை விலகினாலும் தகடு நெளியும்.

புதுவசதி தேடுவோர் செய்யும் பிழைகள் வேறு. அகன்ற சன்னலுக்காக விலாச்சட்டத்தை அறுத்தால் கூடு வலுவிழக்கும். பின்புறம் கனத்த சமையல்மேடை அமைத்தால் முன்கொக்கியில் விழும் எடை குறையும். மொத்த எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு அக்கொக்கியில் விழ வேண்டும். குறைந்தால் விரைந்து செல்கையில் வண்டி இருபுறமும் அலைந்து, இழுக்கும் காரையும் தடுமாறச் செய்யும்.