ஸ்டெர்ன் டிரைவ் படகுகளில் கியர் கோளாறு: சோதிக்கும் முறை

இயந்திரம் படகினுள்ளும், கியர்ப் பகுதியும் உந்துவிசிறியும் பின்பலகைக்கு வெளியிலும் அமைந்த முறையே ஸ்டெர்ன் டிரைவ். ஸ்வீடனின் வால்வோ பென்டா நிறுவனம் 1959-இல் இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

படகுக்குத் தனியே பிரேக் இல்லை. பின்னோக்குக் கியரே அதனை நிறுத்துகிறது. எனவே கியர்க் கோளாறு உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். ஆயினும், உடனே கியர்ப் பகுதியைப் பிரிப்பது வீண்செலவாகும். செலவு குறைந்த சோதனையே முதலில் வேண்டும்.

மெர்குரூசர் ஆல்ஃபா போன்ற வகைகளில், நெம்புகோலிலிருந்து வரும் மேல்வடமும் கியர்ப் பகுதிக்குச் செல்லும் கீழ்வடமும் இயந்திரத்தருகே இணைகின்றன. இயந்திரத்தை நிறுத்தி, சாவியை அகற்றி, அவ்விடத்தில் மேல்வடத்தைக் கழற்றுக. நெம்புகோல் அப்போதும் இறுக்கமாயிருப்பின், குறை நெம்புகோலிலோ மேல்வடத்திலோ உள்ளது. எளிதில் அசைந்தால், கீழ்வடத்தையோ கியர்ப் பகுதியையோ ஐயுற வேண்டும். கியர்ப் பகுதியைக் கழற்றிய பின்னும் கீழ்வடம் இறுகியிருந்தால், குறை வடத்தினுடையதே.

நியூட்ரலுக்கு மாற்றுகையில் இயந்திரம் நின்றுவிடுவது மற்றோர் அறிகுறி. கியர் எளிதில் விடுபடுவதற்காக ஒரு சுவிட்ச் தீப்பொறியை நொடிப்பொழுது துண்டிக்கிறது. வடம் இறுகினால் அத்துண்டிப்பு நீடிக்கிறது, இயந்திரமும் நின்றுவிடுகிறது. அந்நிலையில் சுவிட்சை மாற்றிப் பயனில்லை. வடத்தையே மாற்ற வேண்டும்.

காரணத்தை அறிந்து செய்யும் பழுதுபார்ப்பே சிக்கனமாகும்.